ஆப்பிரிக்கச் செய்திகளும் அவற்றின் அறிவிப்பாளர் தொடரும்

2017ஆம் ஆண்டு மழைக்காலத்தில், நாகல் நகரில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழுகைக்காக ஓர் இளைஞர் வரத் தொடங்கினார். வடநைஜீரியாவின் கானோ நகரத்தவர். திண்டுக்கல் வட்டாரத்துப் பொறியியற் கல்லூரி ஒன்றில் படிக்க வந்தவர். முதல் வாரம் தொழுகை முடிந்ததும் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தோல் வணிகத்தில் நாற்பதாண்டு கழித்த பெரியவர் ஒருவர் அவருடைய கையைப் பரிவுடன் பற்றிக்கொண்டு, “உங்க ஊர்ல பள்ளிவாசல் உண்டா தம்பி?” என்று வினவினார். நான் அதை அரபியில் பெயர்த்துச் சொன்னேன். இளைஞர் சிரித்துக்கொண்டே, “எங்கள் தெருவில் மட்டும் மூன்று இருக்கின்றன” என்றார். அடுத்த சில வாரங்களில் மஹல்லாவாசிகள் அனைவரும் அவரை “பிலால், பிலால்” என்று அழைக்கலாயினர். அவருக்கு அவருடைய தந்தை வைத்த பெயர் வேறு. அதை இருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை அவரும் பிலால் என்றே திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

இதில் வெறுப்பு ஒரு துளியும் இல்லை என்பதை நான் அறிவேன். அவருக்குத் தம் வீட்டில் விருந்தளிக்க மஹல்லாவில் போட்டியே நிலவியது. எனினும் என்னைத் தைத்தது அந்தப் பெரியவரின் கேள்விதான். அவர் எழுத்தறியாதவர் அல்லர். நாள்தோறும் இரண்டு நாளேடுகளை முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர். ஆப்பிரிக்காவிலேயே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளுள் நைஜீரியா ஒன்று. கானோவோ பல நூற்றாண்டுகளாக மார்க்கக் கல்விக்கும் வணிகத்துக்கும் பெயர் பெற்ற நகரம். நாற்பதாண்டுகள் செய்தித்தாள் படித்த ஒருவருக்கு இவ்வளவேனும் வந்து சேரவில்லையெனில், அந்த நாற்பதாண்டுகளில் வந்து சேர்ந்தது என்ன? பஞ்சம், உள்நாட்டுப் போர், தொற்றுநோய், படகு கவிழ்ந்த செய்தி, அவ்வப்போது ஒரு சிங்கம். செய்தியே அறியாதிருந்தவர் கேட்ட கேள்வியாக எனக்கு இது தோன்றவில்லை. செய்தியை அறிந்ததால் பிறந்த கேள்வி இது.

ஹதீஸ் கலை பயின்ற நமக்கு ஒரு செய்தி காதில் விழுந்தவுடன் எழ வேண்டிய முதல் வினா, இதை அறிவித்தவர் யார் என்பதே. அவர் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் சந்தித்ததுண்டா, இடையில் யாரேனும் விடுபட்டுள்ளாரா என்று அறிவிப்பாளர் தொடரைக் கடைசிக் கண்ணி வரை உரசிப் பார்த்த பிறகே நம் முன்னோர் செய்தியின் வாசகத்துக்கு வந்தனர். ஆப்பிரிக்காவைப் பற்றித் தமிழ் நாளேட்டில் வெளியாகும் ஒரு செய்தியை இவ்வாறு உரசிப் பார்ப்போம். நிகழ்விடத்தில் ஒருவர் கண்டார். அவர் யாரென்று தெரியாது. அவர் சொன்னதை லண்டனையோ பாரிஸையோ நியூயார்க்கையோ தலைமையகமாகக் கொண்ட ஒரு செய்தி நிறுவனத்தின் நிருபர் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதினார். பல வேளைகளில் அவர் இருப்பது வேறொரு நாட்டின் தலைநகரில். தலைமையகத்தில் ஒருவர் அதைச் சுருக்கினார். இந்தியாவில் ஒருவர் மேலும் சுருக்கினார். சென்னையிலோ மதுரையிலோ இரவுப் பணியிலிருந்த ஓர் உதவி ஆசிரியர், மீதமிருந்த நான்கு அங்குல இடத்துக்குள் அதைத் தமிழாக்கினார். முதல் அறிவிப்பாளர் மஜ்ஹூல், அதாவது இன்னாரென அறியப்படாதவர். இடையில் தொடர் இரண்டு மூன்று இடங்களில் அறுந்திருக்கிறது. கடைசி அறிவிப்பாளருக்கோ அந்த நாட்டின் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதிலேயே ஐயம். ஒரு பிரார்த்தனையின் சிறப்பைக் கூறும் செய்தி இத்தகைய தொடரில் வந்திருந்தால் ‘ழயீஃப்’ என்று ஒதுக்கிவிடுவோம். ஒரு கண்டத்தின் மானத்தைப் பற்றிய செய்தியென்றால் தேநீரோடு பருகிவிடுகிறோம்.

இத்தொடரின் தலைவாசலில் நிற்பவர் ஒரு பத்திரிகையாளர் என்பது பலரும் கவனிக்காத ஒன்று. ஹென்றி மோர்ட்டன் ஸ்டான்லி ‘நியூயார்க் ஹெரால்டு’ நாளேட்டின் நிருபராகத்தான் ஆப்பிரிக்காவுக்குப் போனார். 1871இல் தங்கானிக்கா ஏரிக்கரையிலுள்ள உஜிஜியில் டேவிட் லிவிங்ஸ்டனைக் கண்டுபிடித்த செய்தி அவருக்குப் புகழைத் தந்தது. 1878இல் அவர் வெளியிட்ட பயண நூலின் தலைப்பிலிருந்துதான் ‘இருண்ட கண்டம்’ என்னும் தொடர் உலகெங்கும் பரவியது. திண்டுக்கல்லில் என் பள்ளிப் பருவத்தில் புவியியல் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டதும் இதே தொடர்தான். அதை எழுதியவர் யார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதே ஸ்டான்லி பின்னர் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஊழியராகிக் காங்கோ ஆற்றங்கரைத் தலைவர்களிடம் ஒப்பந்தங்களில் குறியிட வாங்கினார் என்பதையும், 1885 முதல் 1908 வரை அம்மன்னரின் தனியுடைமையாக இருந்த அந்நாட்டில் ரப்பருக்காகக் கைகள் வெட்டப்பட்டன என்பதையும் புவியியல் பாடம் சொல்லவில்லை. கண்டம் இருண்டிருந்தது என்று செய்தி அனுப்பியவரே அங்கே இருளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு வழிகாட்டியாகவும் இருந்தார்.

இன்னொரு செய்தியும் உண்டு. நம் நாட்டோடு தொடர்புடையதாதலால் சொல்கிறேன். 1873இல் லிவிங்ஸ்டன் இறந்தபோது அவருடைய உடலைச் சுமந்து கடற்கரை சேர்த்த ஆப்பிரிக்கர்களுள் ஜேக்கப் வெயின்ரைட் என்பவர் நாட்குறிப்பு எழுதிவந்தார். அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்டு மராட்டிய நாட்டின் நாசிக்கில் கல்வி பயின்றவர் அவர். நிகழ்ச்சியை நேரில் கண்டு எழுதிய அறிவிப்பாளர் அவரே. ஆனால் நம் பாடநூல்களுக்கு வந்து சேர்ந்தது ஸ்டான்லியின் தொடர்; வெயின்ரைட்டின் தொடரன்று.

இந்நிலையை மாற்ற ஒருமுறை முயற்சி நடந்தது. அணிசேரா நாடுகளின் செய்தி நிறுவனக் கூட்டமைப்பு 1975இல் தொடங்கப்பட்டபோது இந்தியா அதில் முன்னணியில் நின்றது. ஆப்பிரிக்க நாடுகள் 1979இல் தமக்கெனப் பொதுச் செய்தி நிறுவனம் ஒன்றை அமைக்க முடிவுசெய்து, 1983இல் செனகலின் டாக்கார் நகரிலிருந்து அதை இயக்கத் தொடங்கின. உலகின் செய்தி ஓட்டம் ஒருவழிப் பாதையாக இருப்பதை ஆராய்ந்த யுனெஸ்கோவின் மக்பிரைடு ஆணையம் 1980இல் அறிக்கை தந்தது. நம் நாட்டின் பி.ஜி. வர்கீஸ் அதில் உறுப்பினர். அமெரிக்காவும் அதைத் தொடர்ந்து பிரிட்டனும் யுனெஸ்கோவை விட்டே வெளியேறின. இப்பிணக்கும் அதற்கொரு காரணம். ஆனால் குற்றம் முழுவதும் மேலைநாடுகளுடையது என்று கூறிவிட முடியாது. அணிசேராக் கூட்டமைப்பு அனுப்பிய செய்திகளில் பெரும்பகுதி அமைச்சர்களின் வரவேற்புரைகளாகவும் அரசு விழாக்களாகவும் இருந்தன. யார் அதைப் பிரசுரிப்பார்கள்? மெய்யான அறிவிப்பாளரை உருவாக்காமல் மேலிடத்து அறிவிப்பாளரை உருவாக்கினோம். தொண்ணூறுகளில் அந்த ஏற்பாடு ஓசையின்றி ஓய்ந்துபோனது.

திம்புக்துவின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அரபி ஆசிரியன் என்ற முறையில் அது என்னை நேரடியாகத் தொட்ட செய்தி. 2013 ஜனவரி இறுதியில், மாலி நாட்டின் திம்புக்து நகரை விட்டு ஆயுதக் குழுவினர் ஓடும்போது அங்கிருந்த பண்டைய சுவடிகளையெல்லாம் எரித்துவிட்டனர் என்று உலகெங்கும் செய்தி பரவியது. அன்றிரவு என்னால் உறங்க முடியவில்லை. மறுநாள் வகுப்பில் மாணவர்களிடம் அலெக்சாந்திரியா நூலகத்தோடும் பக்தாதோடும் ஒப்பிட்டுப் பேசினேன். சில நாள்களில் உண்மை வெளிவந்தது. அச்செய்தியைச் சொன்னவர் அந்நகரத்தின் மேயர். ஆனால் சொல்லும்போது அவர் திம்புக்துவில் இல்லை. பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தலைநகர் பமாக்கோவில் இருந்தார். தொடர் அறுந்திருந்தது. அஹ்மத் பாபா நிறுவனத்தில் ஏறத்தாழ நான்காயிரம் சுவடிகள் அழிந்தது மெய், அது பேரிழப்பு. ஆனால் பெருந்தொகையான சுவடிகள் அதற்குப் பல மாதங்கள் முன்னரே தகரப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, கழுதை வண்டிகளிலும் உந்துகளிலும் நைஜர் ஆற்றுப் படகுகளிலுமாகப் பமாக்கோவுக்குக் கடத்தப்பட்டுவிட்டன. அதை முன்னின்று நடத்தியவர் அப்துல் காதிர் ஹைதரா என்னும் நூலகர். அவருக்குத் துணைநின்றவர்கள் நகரத்தின் சாதாரணக் குடும்பத்தினர்; தலைமுறை தலைமுறையாகத் தம் வீடுகளில் சுவடிகளைக் காத்து வந்தவர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது செய்தி பிழைபட்டதை அன்று. போர்க்களச் செய்தி பிழைபடுவது இயல்பே. பிழையான செய்தி முதற்பக்கத்தில் வந்தது; திருத்தம் வந்தபோது பெரும்பாலான ஏடுகள் வேறு நாட்டுக்குப் போய்விட்டிருந்தன. ஆப்பிரிக்கர் எரித்தார்கள் என்பது நாம் முன்பே நம்பத் தயாராயிருந்த செய்தி. ஆப்பிரிக்கர் உயிரைப் பணயம் வைத்து நூல்களைக் காத்தார்கள் என்பதை ஏற்க நம்மிடம் அதற்குரிய மாடம் இல்லை. நானும் அம்மாணவர்களிடம் திருத்தத்தைச் சொன்னது அடுத்த கல்வியாண்டில்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் சிலர் ஸனது பெற்றுச் சென்றுவிட்டனர்.

செய்தியின் வாசகத்துக்கு வருவோம். தமிழ் ஏடுகளில் யோருபா, ஹௌசா, இக்போ மக்கள் ‘பழங்குடியினர்’ என்றே எழுதப்படுகின்றனர். இவர்கள் ஒவ்வொருவரும் கோடிக்கணக்கானோர். பெருநகரங்களும் பல்கலைக்கழகங்களும் நாளேடுகளும் உடைய மக்கள். ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வாழும் ஐஸ்லாந்தை ஒரு தேசம் என்கிறோம். பழங்குடி என்பது இழிசொல் என்பது என் வாதமன்று. எங்கள் மாவட்டத்தின் கொடைக்கானல் மலையில் வாழும் பளியர் அச்சொல்லை உரிமையோடு சொல்லிக்கொள்கின்றனர். சட்டமும் அச்சொல்லால் அவர்களுக்குச் சில பாதுகாப்புகளை வழங்குகிறது. ஆனால் ஆங்கிலச் செய்தியில் வந்த சொல்லை எடை போடாமல் பெயர்த்து வைக்கும்போது, அரசியல் காரணம் உடைய ஒரு போர் ஆதிகாலப் பகையாக மாறிவிடுகிறது. 1994இல் ருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாள்களில் லட்சக்கணக்கான துத்சி மக்கள் கொல்லப்பட்டபோது, தொடக்க வாரங்களில் உலகம் அதைக் குலச்சண்டை என்றே வாசித்தது. பெல்ஜிய ஆட்சி 1930களில் ஒவ்வொருவருக்கும் இனம் குறித்த அடையாள அட்டை தந்ததும், அதே அட்டை அறுபதாண்டு கழித்துச் சாலைத் தடைகளில் உயிரையும் சாவையும் பிரித்ததும் அந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை. வானொலியில் கொலைக்குத் தூண்டியவர்கள் படித்தவர்கள். திட்டம் தீட்டியவர்கள் அரசு அலுவலகங்களில் அமர்ந்திருந்தவர்கள். குலச்சண்டை என்னும் ஒரு சொல் அவர்கள் அனைவரையும் மறைத்துவிட்டது.

சொற்களைப் பற்றிப் பேசும்போது நம் அரபியை விட்டுவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. ஆப்பிரிக்கரைக் குறிக்கத் தமிழில் ‘காப்பிரி’ என்றொரு சொல் உண்டு. சுருண்ட முடியைக் ‘காப்பிரி முடி’ என்று நம் வீட்டுப் பெண்டிரும் சொல்வர். அதன் மூலம் ‘காஃபிர்’ என்னும் அரபிச் சொல். கிழக்காப்பிரிக்கக் கடற்கரையில் அரபு வணிகர்கள் முஸ்லிமல்லாத மக்களைக் குறித்த சொல்லைப் போர்த்துகீசியர் கேட்டு, அது அம்மக்களின் பெயரென்று கொண்டு, இந்தியப் பெருங்கடலெங்கும் பரப்பினர். இலங்கையின் புத்தளம் பகுதியில் போர்த்துகீசியர் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் இப்பெயராலேயே அறியப்படுகின்றனர். தென்னாப்பிரிக்காவில் இச்சொல் மிகக் கொடிய வசை. 2018இல் ஒரு கறுப்பினக் காவலரை இச்சொல்லால் மீண்டும் மீண்டும் ஏசிய பெண்ணுக்கு அந்நாட்டு நீதிமன்றம் சிறைத்தண்டனையே விதித்தது. காந்தியடிகள் தம் தென்னாப்பிரிக்க நாள்களின் தொடக்கத்தில் இச்சொல்லை எழுத்தில் ஆண்டார். கானா பல்கலைக்கழகத்தில் 2016இல் நிறுவப்பட்ட அவருடைய சிலை 2018 டிசம்பரில் அகற்றப்பட்டதற்கு அவ்வெழுத்துகளே காரணம். மார்க்கச் சொல் ஒன்று நிறச் சொல்லாகி, பின் வசையாகி, ஐவேளை தொழும் கானோ இளைஞரின் தலைமுடியையும் ‘காஃபிர்’ முடி ஆக்கிவிட்ட பயணம் இது.

இனி நம் நாட்டு நிகழ்ச்சிகள். 2016 ஜனவரி 31 அன்று பெங்களூரு புறநகரில் சூடான் நாட்டவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்தார். சற்று நேரம் கழித்து அவ்வழியே வேறொரு காரில் வந்த தான்சானிய மாணவியையும் அவருடைய நண்பர்களையும் கூட்டம் மறித்துத் தாக்கியது. சூடானும் தான்சானியாவும் தனித்தனி நாடுகள். இடையில் வேறு நாடுகள் கிடக்கின்றன. ஐம்பத்து நான்கு நாடுகளை ‘ஆப்பிரிக்க நாடு ஒன்றில்’ என்று நாள்தோறும் எழுதிப் பழக்கியதன் விளைவு தெருவில் எப்படி நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மறு ஆண்டு மார்ச் மாதம் கிரேட்டர் நொய்டாவில் ஒரு மாணவன் காணாமற் போனபோது, அண்டையில் வசித்த நைஜீரிய மாணவர்கள் அவனைக் கொன்று தின்றுவிட்டனர் என்று வதந்தி கிளம்பியது. பையன் வீடு திரும்பினான். பின்னர் உடல்நலம் குன்றி இறந்தான். பிடிக்கப்பட்ட நைஜீரிய மாணவர்கள் சான்றில்லை என விடுவிக்கப்பட்டனர். எனினும் மார்ச் 27 அன்று மெழுகுவத்தி ஊர்வலம் சென்றவர்களுள் சிலர் கண்ணில் பட்ட ஆப்பிரிக்க மாணவர்களையெல்லாம் தாக்கினர். மனிதரைத் தின்பவர் என்ற எண்ணம் அந்தத் தெருவில் அன்று பிறந்ததன்று. சித்திரக்கதையும் திரைப்படமும் நகைச்சுவைத் துணுக்கும் அதை நூறாண்டுகளாக ஊட்டி வளர்த்தன.

அதையடுத்து நிகழ்ந்ததுதான் தமிழர் மறக்கக் கூடாத நிகழ்ச்சி. அத்தாக்குதல் பற்றி அல்ஜஸீரா தொலைக்காட்சி நடத்திய உரையாடலில், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் திருக்குறள் பற்றாளராக இங்கே அறியப்பட்டவருமான தருண் விஜய் பங்கேற்றார். இந்தியர்கள் நிறவெறியர்களாயின் தென்னாட்டவரோடு, தமிழரோடு எவ்வாறு வாழ்வோம், எங்களைச் சுற்றிலும் கறுப்பர்கள் இருக்கிறார்களே என்னும் பொருள்படப் பேசினார். பின்னர் வருத்தமும் தெரிவித்தார். தமிழகம் கொதித்தது. நாளேடுகள் தலையங்கம் எழுதின, மேடைகள் முழங்கின. கொதித்தது முறையே. ஆனால் அந்நாள்களின் ஏடுகளைப் புரட்டிய எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. ‘கறுப்பரோடு வாழ்வதைச் சகிப்பு என்கிறாயா’ என்று கேட்டவர்கள் சிலரே. ‘எங்களையா கறுப்பர் என்றாய்’ என்று கேட்டவர்களே பலர். அடி வாங்கிய ஆப்பிரிக்க மாணவர் அந்தக் கோபத்தில் எங்கேயும் தென்படவில்லை. இன்னாரோடு நம்மைச் சேர்த்துவிட்டாரே என்பதில் வந்த சினம் அது என்றால் மிகைபடக் கூறியதாகுமா? வாசகர்கள் தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டும்.

தமிழ்த் திரைப்படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘அயன்’ (2009) படத்தில் காங்கோ வைரம் கடத்தப் போகும் இடம். ‘சிங்கம் 2’ (2013) படத்தில் ஆப்பிரிக்கர் போதைப்பொருள் கடத்தும் கொடியவர். அவ்வேடத்தில் நடித்தவர் லண்டன் நாடக மேடைகளில் பெயர் பெற்ற கலைஞர். திருப்பூர் காதர்பேட்டைக்குப் பின்னலாடை வாங்க வந்துபோகும் நைஜீரிய வணிகர்களால் எத்தனையோ தறிகள் ஓடுகின்றன. அவர்கள் நாளேட்டில் இடம்பெறுவது விசா காலாவதியாகிக் கைதாகும்போது மட்டுமே.

மேலைநாட்டு ஊடகங்கள் முஸ்லிம்களைச் சித்திரிக்கும் முறையை எட்வர்ட் ஸெய்த் 1981இலேயே ஒரு தனி நூலில் அலசினார். நம் சிற்றேடுகள் அதை எத்தனையோ முறை மேற்கோள் காட்டியுள்ளன. அதற்கு முன்பே, 1975இல், நைஜீரிய எழுத்தாளர் சினுவா ஆச்செபே கான்ராடின் புகழ்பெற்ற புதினத்தை முன்வைத்து ஆப்பிரிக்கா எவ்வாறு ஐரோப்பாவின் மனக்கிலேசங்களுக்கு வெறும் பின்திரையாக்கப்படுகிறது என்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உரையாற்றினார். கென்யாவின் பின்யவங்கா வைனைனா 2005இல் ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதுவது எப்படி என்று ஓர் அங்கதக் கட்டுரை எழுதினார். ஸெய்தை நாம் அறிவோம், ஏனெனில் அவர் நம் புண்ணைப் பேசினார். ஆச்செபேயும் வைனைனாவும் பேசியதும் அதே நோயைப் பற்றியதே, நாம் செவிமடுக்கவில்லை. 2015 ஜனவரி முதல் வாரத்தில் பாரிஸில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நடந்த கொலைகளும், நைஜீரியாவின் பாகா நகரில் போகோ ஹராம் நடத்திய படுகொலையும் ஒரே வாரத்து நிகழ்ச்சிகள். பாகாவில் மாண்டவர் எத்தனை பேர் என்பதில்கூட நூற்றைம்பதுக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையே முரண்பட்ட கணக்குகள். எண்ணிப் பார்க்க ஆளில்லை. நம் சமுதாய ஏடுகளும் அவ்வாரங்களில் பாரிஸைப் பற்றியே பக்கம் பக்கமாக வாதிட்டன. 2023 ஏப்ரல் 15இல் சூடானில் வெடித்த போர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை வீடிழக்கச் செய்தது. அரபி பேசும் நாடு. ஹாபிழ்கள் நிறைந்த நாடு. அதற்காக நம் குத்பாக்களில் எத்தனை முறை கையேந்தினோம்? ஃபலஸ்தீனத்துக்காக ஏந்திய கைகளைக் குறை கூறுவதாக யாரும் பொருள் கொள்ள வேண்டாம். அக்கைகளிலேயே இன்னொரு பெயருக்கும் இடமுண்டு.

பிலால் (ரலி) அவர்களைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படும் முறையும் மறுபார்வைக்கு உரியது. ‘கறுத்த, அழகற்ற, தடித்த உதடுகளையுடைய நீக்ரோ அடிமை, அவரையும் இஸ்லாம் உயர்த்தியது’ என்ற ரீதியில் பேச்சு அமைகிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த ‘அவரையும்’ என்பதிலுள்ள உம்மை எவ்வளவு தூரம் போகிறது என்று பேச்சாளர் உணர்வதில்லை. ஒருவரை அவருடைய தாயைச் சுட்டி இழித்த அபூதர் (ரலி) அவர்களை, அறியாமைக் காலத்தின் எச்சம் இன்னும் உம்மிடம் உள்ளதே என்னும் கருத்தில் நபி (ஸல்) கண்டித்த செய்தி புகாரியில் உள்ளது. இழிக்கப்பட்டவர் பிலால் என்று நாம் சொல்லிவருகிறோம். புகாரியின் அறிவிப்பில் அப்பெயர் இல்லை, பிற அறிவிப்புகளின் வழி வந்தது. தொடரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

நம் மரபு இவ்விஷயத்தில் வறியதன்று, குறையற்றதுமன்று. ஜாஹிழ், இப்னுல் ஜவ்ஸீ, ஸுயூத்தீ ஆகியோர் கறுப்பின மக்களின் சிறப்பைப் பேசத் தனி நூல்களே இயற்றினர். அத்தகைய நூல்கள் தேவைப்பட்டன என்பதே அக்காலத்து அரபுச் சமூகத்தில் நிலவிய நோய்க்குச் சான்று. இப்னு கல்தூன் கறுப்பு நிறத்தை நபி நூஹ் (அலை) அவர்களின் மகனுக்குக் கிடைத்த சாபமாகக் கூறும் கதையைப் புறந்தள்ளினார். அதே முகத்திமாவில் அம்மக்களைப் பற்றி நாம் வகுப்பில் விரைந்து கடந்துவிடும் வரிகளும் உள. அவற்றை நிறுத்திப் படிக்கவேண்டும் என்பது என் கருத்து. 1324இல் மாலியின் மன்னர் மன்ஸா மூஸா ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் கெய்ரோவில் தங்கியதைப் பற்றிச் சில ஆண்டுகள் கழித்து எழுதிய அல்உமரீ, தாம் மாலிக்குப் போகாதவர். ஆனால் தமக்குச் சொன்னவர் யார், அவருக்கு அச்செய்தி எவ்வாறு தெரியும் என்பதைக் குறித்து வைத்தார். அவர்களுள் ஒருவரான ஷைக் ஸயீத் அத்துக்காலீ அந்நாட்டுத் தலைநகரில் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தவர். ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதும் இன்றைய நிருபர்களுள் முப்பத்தைந்து நாள் தங்கியவர் எத்தனை பேர்?

இப்னு பதூதா நமக்கு இன்னும் அணுக்கமானவர். திண்டுக்கல்லிலிருந்து ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீட்டரிலுள்ள மதுரைக்கு வந்து, அங்கிருந்த சுல்தான் கியாதுத்தீன் கைதிகளைக் கழுவேற்றிய கொடுமைகளைக் கண்டு எழுதியவர். அந்தச் சுல்தான் அவருக்கு உறவுமுறை, இருந்தும் மறைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1352இல், அவர் மாலிக்குப் போனார். வரவேற்பாக அனுப்பப்பட்ட மூன்று ரொட்டியையும் இறைச்சித் துண்டையும் புளித்த பாலையும் கண்டு கேலியாகச் சிரித்த கர்வமும் அவரிடம் உண்டு. எனினும் தாம் மெச்சியவற்றையும் வெறுத்தவற்றையும் தனித்தனியே வரிசைப்படுத்தினார். அநீதி அரிதாக இருப்பது, வழிப்போக்கருக்கு அச்சமின்மை, அங்கு இறக்கும் அயலாரின் பொருளை யாரும் தொடாமல் காப்பது, குர்ஆன் மனனத்தில் கண்டிப்பு ஆகியன முதல் வரிசையில். பெண்டிரின் உடை முதலியன இரண்டாம் வரிசையில். வாசகன் தானே எடைபோட்டுக்கொள்ளலாம். மதுரையின் கொடுமையை எழுதிய அதே எழுதுகோல் மாலியின் நீதியை எழுதியது. தமிழ்நாடு கொடியவர்களின் நாடு என்றோ ஆப்பிரிக்கா இருண்டது என்றோ அவர் பொதுமைப்படுத்தவில்லை.

அபிசீனிய மன்னர் நஜாஷீயை நாம் நினைப்பதும் அடைக்கலம் தந்தவர் என்ற அளவிலேயே. உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் அச்சம்பவத்தில் குறைஷியரின் தூதர்கள் முதலில் பிரதானிகளுக்கு அன்பளிப்புகள் தந்து, அகதிகளை விசாரிக்காமலே ஒப்படைக்கப் பரிந்துரைக்கும்படி ஏற்பாடு செய்தனர். பிரதானிகளும் அவ்வாறே பரிந்துரைத்தனர். மன்னர் சினந்து மறுத்தார். எதிர்த்தரப்பை அழைத்துக் கேட்டார். ஜஅஃபர் (ரலி) பேசினார். செய்தி கொண்டுவருவோரின் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளப் பணிக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் மதீனாவில் இறங்குவதற்குப் பல்லாண்டுகள் முன்பு, அதன்படி ஒழுகியவர் ஓர் ஆப்பிரிக்க மன்னர்.

கானோ இளைஞர் ஒருநாள் என் வீட்டுக்கு வந்திருந்தார். இந்தியாவுக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் தம் தாயார் மூன்று நாள் உண்ணவில்லை என்றார். நொய்டாவின் காணொளியை அவர்கள் கைப்பேசியில் பார்த்திருந்தனர். திண்டுக்கல் நொய்டாவிலிருந்து எவ்வளவு தொலைவு என்பது தாயாருக்குத் தெரியாது, எல்லாம் இந்தியாதான். ஒவ்வொரு வெள்ளியும் தொழுகை முடிந்து அழைக்க வேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனை. பேச்சினிடையே என் பாட்டனாரின் அரபுத்தமிழ் நூலொன்றைக் காட்டினேன். அவர் வியக்கவில்லை. ஹௌசா மொழியையும் தாங்கள் அரபி எழுத்தில் ‘அஜமி’ என்ற பெயரால் எழுதுவதாகவும், உஸ்மான் தன் ஃபோதியோவின் மகளார் நானா அஸ்மாவு சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பெண்களுக்காக அவ்வெழுத்தில் பாடல்கள் இயற்றியதாகவும், தம் பாட்டி அவற்றை அறிந்தவர் என்றும் கூறினார். பிறகு நூலை வாங்கி, தமிழ் ஒரு சொல்லும் அறியாத அவர், எழுத்தெழுத்தாக உரக்க வாசிக்கத் தொடங்கினார். உள்ளறையில் படுத்திருந்த என் தாயார், அது தம் சிறுவயதில் ஓதக் கேட்டது என்று எழுந்து வந்து கதவருகே நின்றார்கள். ஓரிடத்தில் அவர் வாசிப்பு தடைப்பட்டது. அரபியில் இல்லாத, தமிழ் ஒலிக்கென நம்மவர் புள்ளியிட்டு உருவாக்கிக்கொண்ட எழுத்து அது. விரலை அதன்மேல் வைத்து, இதை எப்படி ஒலிப்பது என்று என் தாயாரைப் பார்த்துக் கேட்டார்.